அண்ணனுக்குக் கொடுத்த என் மாத்திரை

அன்பு மகள் பொடிசுக்கு சித்தப்பா எழுதுவது. இங்கே உன் அப்பா, உன் அம்மா, நான் மூவரும் சுகம். உன் சுகத்தையும் வழக்கம்போல் விசாரித்து எழுதலாம் என்று பேனாவை எடுத்தால், சுகமில்லை என்று நீயே முதல் வரியில் எழுதிவிட்டாய். ஆகவே இந்தத் தடவை விசாரிப்பை விட்டுவிட்டு, சுகமாகிவிடுவாய் என்று மட்டும் எழுதி ஆரம்பிக்கிறேன். முப்பது வயதாகிவிட்டது, இன்னும் பொடிசு என்று கூப்பிடாதீங்க சித்தப்பா என்று போன வருஷம் போனில் கோபித்துக்கொண்டாய். பெற்றது அண்ணனும் அண்ணியும் என்றாலும், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஐந்து மைல் நடந்தவன் நான். (அண்ணி படித்தால் ஒன்றரை மைல்தான் என்பார்கள். உன் கனத்துக்கு அது ஐந்து மைல்தான்.) எனவே எனக்கு நீ கடைசிவரை பொடிசு.

இதை எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மோட்டார் அறையில், ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. மேல் தொட்டி நிறைய முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் முடித்துவிடுவேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியக் கூடாது என்று நீ என் குழாய்க் கடை விலாசத்துக்கு எழுதினாய் அல்லவா, அதனால் நானும் வீட்டில் எழுதவில்லை. நாலு நாளாகிறது, ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வாயை நாலு நாள் மூடி வைத்திருக்கிறேன் என்றால், இந்த ஊரில் பெரிய பெரிய வால்வுகூட அப்படி இறுக்கமாக மூடாது.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் மனசு தேறவில்லை, எப்போதும் குமட்டல், லேபில் பல் செட் செய்யும் மேஜையில் உட்கார்ந்தால் கை நடுங்கி மெழுகு சரியாக நிற்கவில்லை, அதனால் பத்து நாளைக்கு முன்பு யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டேன், இப்போது தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் வந்து வந்து போகிறது என்று எழுதியிருந்தாய். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கடைசியில் எழுதினாய் பார், அப்பாவுக்கே அந்த வகை மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னாள், எனக்கும் அதே ரத்தம்தானே, எங்கள் ரத்தத்துக்கு மருந்தே கிடையாது, இனிமேல் டாக்டரிடம் போகப் போவதில்லை என்று. அந்த வரியைப் படித்ததும் கையிலிருந்த பைப் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்த ரத்தக் கணக்கை இந்தக் குடும்பத்தில் முதன்முதலில் போட்டவனே நான்தான். போட்டுவிட்டு முழித்தவனும் நான்தான். அம்மா உனக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக. முழுக் கதையை நானே சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. அப்பாவைத் தவிர நம் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று கேட்டிருந்தாய். வந்தது, எனக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால், நீ வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்த வருஷம். உனக்கு ஒன்றும் தெரியாது, வாரா வாரம் போனில் நான் சிரித்துச் சிரித்துக் கதையளந்தேன். ஒரு நாள் ஒரு வீட்டில் சமையலறை சிங்கைச் சரிபார்க்கப் போனேன். அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தேன். பத்து நிமிஷ வேலை, முடித்தும் விட்டேன். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. வலி கிடையாது, மயக்கம் கிடையாது, எழுந்து என்ன ஆகப்போகிறது என்று மட்டும் இருந்தது. முக்கால் மணி நேரம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த வீட்டம்மா குனிந்து பார்த்துவிட்டு, பாவம், எவ்வளவு பொறுப்பா பாக்குறார் பாருங்க என்று வீட்டுக்காரரிடம் சொல்லி டீ போட்டு வேறு கொண்டுவந்தார்கள். அந்த டீயைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, பொடிசு. காரணம் ஒன்றுமில்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. யாராவது செத்திருந்தாலாவது, ஏதாவது நஷ்டமாகியிருந்தாலாவது சொல்லிக்கொள்ளலாம். நானே தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன், மாத்திரை வாங்கினேன், யாருக்கும் தெரியாமல் குழாய்க்குப் போடும் பசை டப்பாவில் ஒளித்து வைத்துச் சாப்பிட்டேன். ஐந்தாவது வாரம் ஒரு காலை, பல் விளக்கும்போது எனக்கே தெரியாமல் பாடிக்கொண்டிருந்தேன். என் பாட்டு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். சாத்துகிற சத்தம் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். எட்டு மாதம் சாப்பிட்டு, டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன்.

இப்போது அண்ணனுக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் உன் அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று உனக்குத் தெரியும், வயசாகிறது என்று நாமெல்லாம் நினைத்தோம். பிறகு சாப்பாட்டைக் குறைத்தார். இருபத்தாறு வருஷமாகக் காலையில் சட்டைப் பித்தானைப் போட்டபடியே படியிறங்கும் மனிதர், பஸ் டெப்போவுக்குக் கிளம்புவதற்கு முன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணி என்னிடம், தம்பி, உங்க அண்ணன் உள்ள இல்ல, சட்டைதான் வேலைக்குப் போய்ட்டு வருது என்றார்கள். எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, இது அந்தச் சிங்க் கேஸ்தான் என்று. பாதிப் பேருக்கு நோயே புரிவதில்லை, எனக்குப் புரிந்தது பார், அங்கேதான் வினை. உடனே என் மூளை வேலை செய்தது. ஒரே தாய் தகப்பன், ஒரே ரத்தம், ஒரே மூக்கு. எனக்குக் கேட்ட மாத்திரை அவருக்குக் கேட்காதா? பசை டப்பாவில் மிச்சம் கிடந்தது. வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தேன். அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். அவர் எனக்கு மூத்தவர், என்னைவிட அரை அடி உயரம், ஆகவே நான் சாப்பிட்டது ஒன்று என்றால் அவருக்கு ஒன்றரை. பின்னால் இதைக் கேட்டபோது அண்ணி சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. ஏன் தம்பி, மாத்திரைக்கு என்ன மூத்தவர் இளையவர்னு மரியாதை தெரியுமா?

நாலாவது நாள் வியர்த்துக் கொட்டியது. வேலை செய்கிறது என்றேன். ஆறாவது நாள் இரவெல்லாம் தூங்கவில்லை. சுறுசுறுப்பு வருகிறது என்றேன். ஒன்பதாவது நாள் காலை, ஜனம் நிறைந்த பஸ்ஸை ஸ்டாப்பில் நிறுத்தியவர் திரும்ப எடுக்கவில்லை. கை கிடுகிடுவென்று ஸ்டியரிங்கில் ஆடியிருக்கிறது. கை பிரேக்கைப் போட்டு, சாவியை உருவி, கண்டக்டர் கையில் கொடுத்து, இதுக்கு மேல நான் ஓட்டினா தப்பு, டெப்போவுக்குச் சொல்லு என்று சொல்லிவிட்டு இறங்கி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த நிலையிலும் சாவியை உருவினார் பார், அதுதான் உன் அப்பா. நானாக இருந்தால் சமாளிக்கிறேன் பார் என்று ஓட்டியிருப்பேன். நான் செய்த மற்ற எல்லாத் தப்பையும் கதையாக்கிச் சிரித்துவிடுவேன், இதை மட்டும் முடியவில்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், பார்த்தது மனநல டாக்டரம்மா. அந்த ஆஸ்பத்திரியின் ஏழு மாடிக்கும் குழாய் போட்டவன் நான் என்று உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். (மூன்றாம் மாடியின் இடப்பக்கம் என்று திருத்திக்கொள்.) அந்த உரிமையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த மாத்திரையை யார் கொடுத்தது என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் என்றேன். அண்ணி என் பக்கம் கையைக் காட்டி, இவர்தாங்க அந்த டாக்டர், படிப்பு ஒன்பதாவது, அதுவும் பாதி என்றார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்னைத் திட்டிய திட்டில் என் பத்து வருஷத்துப் பெருமை கரைந்தது. பிறகு அண்ணனைக் கவனித்து, அந்த மாத்திரை உடம்பிலிருந்து போகும்வரை இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒன்று செய்தார்கள். ஒரு பஞ்சுக் குச்சியை அவர் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மரபணுப் பரிசோதனையாம். எனக்கும் எடுங்கள் என்று நான் அடம்பிடித்தேன். உங்களுக்கு எதுக்குங்க என்றார்கள். இரண்டையும் வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும் என்றேன். இந்தப் பெரிய யோசனை அவர்களுக்கே தோன்றவில்லை என்று நினைக்கிறேன், என் தொல்லை தாங்காமல் எடுத்தார்கள் என்பது அண்ணியின் கட்சி.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். மாத்திரை உள்ளே போனால் அதைக் கரைத்து வெளியே தள்ளுவதற்குக் கல்லீரலில் சில சாமான்கள் இருக்கின்றன. அவை எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதை நம் மரபணு எழுதி வைத்திருக்கிறது. சிலருக்கு மெதுவாகப் போகும், சிலருக்குச் சாதாரணமாக, சிலருக்குப் படுவேகமாக. நான் உடனே, டாக்டரம்மா, இது டிரெயினேஜ் விஷயம், மேலே ஒரே குழாய்தான் திறந்திருக்கு, கீழே ஓட்டை சின்னதாக இருந்தால் தொட்டி நிறைந்து வழியும், ஓட்டை பெரிதாக இருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் தங்காது, சரியா என்றேன். கிட்டத்தட்ட சரிதான், இத்தனை நாள்ல நீங்க சொன்ன முதல் உருப்படியான பேச்சு இது என்றார்கள். அண்ணனுக்கு அந்த மாத்திரையைப் பொறுத்தவரை மெதுவான ஓட்டை. நான் ஒன்றரை ஒன்றரையாக ஊற்றிய ஒன்பது நாளும் உள்ளேயே தேங்கியிருக்கிறது. என்னுடைய காகிதத்தில் என்ன இருந்தது தெரியுமா? அதிவேகம் என்று வரும், டாக்டர்கள் எல்லாம் கூடி நின்று பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சாதாரணம் என்று போட்டிருந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை. அண்ணி அன்றைக்குச் சிரித்த சிரிப்பு, ஆறு மாதத்தில் நம் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அதற்காக அந்த அவமானத்தை மன்னித்தேன்.

ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு எப்படி இரண்டு விதம் என்று கேட்டேன். நீயும் இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். இந்த எழுத்து ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்குமாம், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. எங்கள் தாய் தகப்பன் இருவரிடமுமே நல்ல பிரதியும் இருந்தது, மெதுவான பிரதியும் இருந்தது. அண்ணனுக்கு இரண்டும் மெதுவானவையாக வந்து விழுந்தன, எனக்கு இரண்டும் சாதாரணமானவையாக. அப்படியானால் உனக்கு? அப்பாவிடமிருந்து ஒரு மெதுவான பிரதி நிச்சயம். இன்னொன்று உன் அம்மா கொடுத்தது, அது எப்படி என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நீ உன் அப்பாவும் இல்லை, நானும் இல்லை. ஒரே ரத்தம், எனக்குக் கேட்டால் அவருக்கும் கேட்கும் என்று நான் ஏமாந்தேன். ஒரே ரத்தம், அவருக்குக் கேட்காவிட்டால் எனக்கும் கேட்காது என்று நீ ஏமாறுகிறாய். என் தப்பையே தலைகீழாக மாட்டிக்கொண்டு நிற்கிறாய், படித்த பெண்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நான் கூட்டிச் சொல்லுகிற ஆள் என்பதால் இதைக் குறைத்தே சொல்கிறேன். இந்தக் காகிதம் ஜோசியம் இல்லை என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார்கள். தண்ணி எவ்வளவு வேகமா வடியும்னுதான் இது சொல்லும், குளிச்சா உங்களுக்குச் சுகமா இருக்குமான்னு சொல்லாது, எந்த மாத்திரை மனசைத் தேத்தும்னு பாத்துப் பாத்துதான் கண்டுபிடிக்கணும், வயசு, வேற மருந்து, தூக்கம், கவலை எல்லாம் சேர்ந்ததுதான் மனுஷன் என்றார்கள். அண்ணனுக்கு அந்த ஓட்டை வழியாகப் போகாமல் வேறு வழியில் போகிற மாத்திரை ஒன்றைத் துளியளவில் ஆரம்பித்தார்கள். வாராவாரம் போய்ப் பார்த்தோம். மூன்று வாரம் ஒன்றுமில்லை. நாலாவது வாரம் ஒன்றுமில்லை. நான்கூட உள்ளுக்குள் தளர்ந்துவிட்டேன். ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம், அண்ணன் ஜன்னலோரம். திடீரென்று பல்லைக் கடித்துக்கொண்டு, நாலாவது கியர்ல எவனாவது திரும்புவானா, வண்டி என்ன உங்க அப்பன் வீட்டு வண்டியா என்றார், அந்த டிரைவரைப் பார்த்து. நான் அண்ணியைப் பார்த்தேன், அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்து டெப்போ டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு மறுபடி வண்டி எடுத்தார். இப்போது என்னைத் தினமும் திட்டுகிறார். பரம சுகம்.

உன் விஷயத்தையும் கேட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பெயர் சொல்லவில்லை. நேற்று டாக்டரம்மாவிடம் போய், என் சிநேகிதர் ஒருவரின் மகள் தூரதேசத்தில் இருக்கிறாள் என்று ஆரம்பித்தேன். அந்தச் சிநேகிதருக்கும் குழாய் வேலையா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், சிநேகிதர்கள் ஒரே தொழிலில் இருக்கக் கூடாதா? அவர்கள் சொன்னது இதுதான். தலைக்குள் கரண்ட் அடிப்பது நோய் முற்றியதால் இருக்காது, திடீரென்று நிறுத்தியதால் வருவதாக இருக்கலாம், ஆனாலும் இவ்வளவு தூரத்திலிருந்து தான் சொல்ல முடியாது, அவளுடைய டாக்டருக்கு அவள் இன்றைக்கே போன் செய்ய வேண்டும். தானாக மறுபடி ஆரம்பிக்கவும் கூடாது, தானாக மாற்றவும் கூடாது. என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள், என்னென்ன செய்தது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். அப்பாவின் முடிவைக் காட்ட வேண்டும், அதைப் பார்த்து அவர்களே பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். வாழ்ந்து என்ன என்று நினைப்பு எட்டிப்பார்த்தால் காத்திருக்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் டாக்டரம்மா சொன்னது, நான் ஒரு சொல் கூட்டவில்லை, சத்தியம். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் விரைவுத் தபாலில் எழுதுகிறேன். ஐயோ, மேலே தொட்டி வழிந்து படிக்கட்டில் தண்ணீர் இறங்குகிறது, ஏழாம் மாடிக்காரர் என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார், இதோ வருகிறேன்.

இனி வீட்டிலிருந்து எழுதுகிறேன். தொட்டியை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அப்பாவின் முடிவைப் பிரதி எடுத்துக் கடிதத்தோடு வைக்கலாம் என்று மத்தியானம் நைசாக அலமாரியைத் திறந்தேன். காகிதம் அங்கே இல்லை. அண்ணி சமையலறையிலிருந்தே, மேஜை மேல கவர்ல இருக்கு பாருங்க என்றார்கள். பிரதி எடுத்து, மடித்து, உன் விலாசம் எழுதித் தயாராக இருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. நான் சொல்லவில்லை அண்ணி, சத்தியமாக நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, நீங்க ஒண்ணும் சொல்லலதான், அதுதான் தம்பி விஷயமே, நாலு நாளா நீங்க ஒரு பெருமைகூடப் பேசல, உங்களுக்குச் சுகம்தான், அவ வேற அப்பா மாத்திரையப் பத்தித் துருவித் துருவிக் கேட்டிருந்தா, அப்போ சுகமில்லாதது அவளுக்குத்தான்னு ரெண்டாம் நாளே தெரியும், அவளா சொல்றவரைக்கும் நாங்க கேக்க மாட்டோம், நல்லா சாப்பிடச் சொல்லுங்க என்றார்கள். நான் வாக்கைக் காப்பாற்றினேன் பொடிசு, காப்பாற்றிய விதத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

கவரைத் திறந்து பார்த்தேன், மன்னித்துக்கொள். பிரதியின் பின்பக்கம் உன் அப்பா எழுதியிருக்கிறார். டெப்போ லாக் புத்தகத்தைத் தவிர எதிலும் எழுதி நான் பார்த்ததில்லை. அது உனக்கு வந்து சேரும், ஆனாலும் வழியில் நனைந்துவிட்டால் என்ன செய்வது என்று இங்கேயும் எழுதி வைக்கிறேன். "தப்பான பஸ்ஸில் ஏறிவிட்ட எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் குற்றம் இல்லை. மணியடித்து நிறுத்தச் சொல்லி, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வேறு பஸ் மாற வேண்டும். ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கக் கூடாது. உனக்கான வண்டி வரும். எனக்கு வந்தது. அப்பா."

அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். நான் இத்தனை பக்கம் எழுதியதை ஏழெட்டு வரியில் சொல்லிவிட்டார், அவர் எப்போதும் அப்படித்தான், என் வேலையைக் கெடுப்பார்.

நீ பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும், வாய் விட்டுச் சிரிக்க வேண்டும், நீ செய்கிற பல்லெல்லாம் ஊரார் வாயில் சிரிக்க வேண்டும் என்று நாங்கள் மூன்று பேரும் ஆசீர்வதிக்கிறோம். கடிதம் கைக்கு வந்ததும் முதல் வேலை டாக்டருக்குப் போன், இரண்டாவது வேலை எனக்குப் போன். எந்த நேரமானாலும் பரவாயில்லை, சிங்குக்கு அடியில் படுத்திருந்தாலும் எடுப்பேன். போகும்போது அப்பாவின் காகிதத்தை எடுத்துக்கொண்டு போக மறக்காதே. என்னுடையதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் உன் டாக்டரிடம் காட்டு. நம் குடும்பத்தில் நல்லபடியாக வந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று அவருக்கும் தெரியட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
பரிசோதனைப்படி சாதாரணமான,
சித்தப்பா